கிட்டவா, எட்டவா: தண்ணீருக்குள் போகும் கமராவும் தூரத்தை இழுக்கும் கமராவும்

போன மாதம் ஒரு ஞாயிறு காலை, வெள்ளவத்தைக் கடற்கரையில் நடந்துகொண்டிருந்த என்னை அக்காவின் மகள் மறித்தாள். "மாமா, சித்தப்பா மார்கழியில லண்டனில இருந்து வாறார். கமரா ஒண்டு வாங்கியாறன், எது வேணும் எண்டு யோசிச்சுச் சொல்லு எண்டவர். தண்ணிக்குள்ள கொண்டுபோறதோ, தூரத்தில இருக்கிறதை இழுக்கிறதோ? ரெண்டில ஒண்டுதான்."

அவள் கம்பஸில் விலங்கியல் படிக்கிறாள். சனி ஞாயிறுகளில் தோழிகளோடு தலங்கம வாவி, தியசரு பூங்கா என்று சேற்று நிலம் சேற்று நிலமாக அலைகிறவள். தை மாதம் ஹிக்கடுவைக்குப் போய் முருகைக்கற்களைப் பார்க்கவும் திட்டம் வைத்திருக்கிறாள். இரண்டு கமராவுக்கும் அவளிடம் நியாயம் இருந்தது. என்னிடம் இரண்டோடும் பழக்கம் இருந்தது. ஆறு வருடம் பெரிய ஜூம் கமரா ஒன்றைத் தோளில் சுமந்தேன். இப்போது நீர்புகா கமரா ஒன்றைக் காற்சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். ஆனாலும் அந்த இடத்திலேயே பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வெளிநாட்டில் இருந்து ஒருவர் கொண்டுவந்து தரும் பொருளைத் திருப்பிக் கொடுக்க முடியாது. பிழைத்தால் வருடக்கணக்கில் அலுமாரிக்குள் கிடக்கும்.

பெட்டியில் பெரிய எழுத்தில் போடாத விடயத்தில் இருந்து தொடங்குகிறேன். நீர்புகா கமராக்களில் இன்று அதிகம் பேசப்படும் ஓஎம் சிஸ்டம் டிஜி-7ஐ எடுங்கள். ஒலிம்பஸ் டிஜி-6இன் வாரிசு அது, 2023இல் வந்தது. பெரிய ஜூமுக்கு 2020இல் வந்த நிக்கொன் பி950ஐ எடுங்கள். உருவத்தில் ஒன்று சவர்க்காரக் கட்டி மாதிரி, மற்றது ஒரு சின்னச் சட்டி மாதிரி. ஆனால் இரண்டுக்குள்ளும் ஒளியை வாங்கும் சென்சர் ஒரே அளவானது, கிட்டத்தட்ட 6.2 மில்லிமீற்றருக்கு 4.6 மில்லிமீற்றர். பல சாதாரண போன்களின் சென்சரும் இந்த அளவை ஒட்டியதுதான், விலை கூடிய போன்களில் இதைவிடப் பெரிது. ஆகவே "போனைவிடத் தெளிவான படம் வரும்" என்று எண்ணி இரண்டில் எதை வாங்கினாலும் மனம் நோகும். பகல் வெளிச்சத்தில் குடும்பப் படம் எடுக்க இரண்டும் தேவையில்லை, போன் போதும்.

அப்படியென்றால் காசு எங்கே போகிறது? ஒன்றில் உடலை அடைப்பதற்குப் போகிறது. மற்றதில் கண்ணாடிக்குப் போகிறது. பி950இன் லென்ஸ் முழு ஜூமில் ஒளியை உள்ளே விடும் வாசல் ஏறத்தாழ 55 மில்லிமீற்றர் அகலம், ஒரு பெரிய தேசிக்காய் அளவு. டிஜியின் முழு ஜூமில் அந்த வாசல் 4 மில்லிமீற்றருக்கும் குறைவு, ஒரு மிளகளவு. தேசிக்காய் அளவு கண்ணாடியைத் தண்ணீர் புகாமல் அடைத்துப் பையில் போடும் அளவுக்குச் சுருக்க இன்னும் யாராலும் முடியவில்லை. இரண்டையும் ஒரே கமராவில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று அவளுக்குச் சொன்ன முதல் விடயம் இதுதான்.

ஜூம் கமராவை விற்பவர்கள் "83 மடங்கு" என்பார்கள். மடங்கு என்பது ஆகக் கிட்டிய பார்வைக்கும் ஆகத் தூரப் பார்வைக்கும் உள்ள விகிதம் மட்டுமே, அதை வைத்து எதுவும் தீர்மானிக்க வேண்டாம். படத்துக்குள் எவ்வளவு அகலம் விழுகிறது என்று கேளுங்கள். தலங்கம வாவியில் உங்களுக்கு 50 மீற்றர் தூரத்தில் ஒரு கம்பத்தில் வெண்மார்பு மீன்கொத்தி இருக்கிறது என்று வையுங்கள். போனின் சாதாரண லென்ஸில் அந்தத் தூரத்தில் 70 மீற்றருக்கு மேல் அகலமான காட்சி விழும், மீன்கொத்தி ஒரு புள்ளி. டிஜியை முழுதாக இழுத்தால் 17 மீற்றர். 5 மடங்கு இழுக்கும் நல்ல போனில் 14 மீற்றர் அளவு. பி950ஐ முழுதாக இழுத்தால் 87 சென்ரிமீற்றர். 28 சென்ரிமீற்றர் நீளமான அந்தப் பறவை டிஜியின் படத்தில் ஏறக்குறைய 65 பிக்சல் நீளம் பிடிக்கும். பி950இன் படத்தில் 1,500க்குக் கிட்ட. முதலாவதில் அது நீல நிறப் பறவை என்று சொல்லலாம். இரண்டாவதில் அலகில் ஒட்டியிருக்கும் மீன் செதிலைக் காட்டலாம். எந்தப் போனும் இந்த இடைவெளியை நிரப்பவில்லை.

இந்த ஊரில் அது ஒரு சின்ன விடயம் இல்லை. 2018இல் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் முதன்முதலில் வழங்கப்பட்டபோது அதைப் பெற்ற நகரங்களில் கொழும்பும் ஒன்று. வெள்ளவத்தையில் இருந்து பஸ் ஏறினால் ஒரு மணித்தியாலத்துக்குள் பெல்லன்வில, பெத்தகான, தியசரு என்று ஏதாவது ஒரு சதுப்பு நிலத்தில் இறங்கலாம். கூழைக்கடாவைப் பார்க்க அவ்வளவு தூரமும் வேண்டாம், பேரை வாவியிலேயே நிற்கிறது. ஜூம் கமராவுக்கு வேலை கொடுக்க யாலவுக்கும் வில்பத்துவுக்கும் லீவு போட்டுக்கொண்டு ஓட வேண்டியதில்லை. வருடம் முழுக்க, எந்தச் சனிக்கிழமையும் அதற்கு வேலை இருக்கிறது.

ஆனால் அதன் குறைகளை மறைத்தால் அவளுக்குத் துரோகம் செய்தவன் ஆவேன். முதலாவது, வெளிச்சம். எஃப் என்ற இலக்கம் கூடக்கூட சென்சரில் விழும் ஒளி குறையும். பி950 ஜூம் இல்லாமல் எஃப் 2.8இல் நிற்கிறது, முழுதாக இழுத்தால் எஃப் 6.5. ஒளி ஐந்தில் ஒரு பங்காகிவிடும். சின்ன சென்சருக்கு அது கடினம். வெயில் எறித்தால் தெளிவான படம். மழைமேகம் மூடிய வைகாசிக் காலையில் அதே பறவை அதே கம்பத்தில் இருந்தாலும் படத்தில் இறகுகள் களிமண் பூசினாற்போல வரும். காலை எட்டு மணி வெயிலும் மாலை நாலு மணி வெயிலுமே இந்தக் கமராவின் நேரம்.

இரண்டாவது, காற்று. காலி முகத்திடலில் நின்று நடுக்கடலில் நிற்கும் கப்பலை இழுத்துப் பார்ப்பதுதான் புதிதாக வாங்கிய எல்லோரும் செய்யும் முதல் வேலை. கப்பல் நீருக்குள் கிடப்பது போல நெளியும். கமராவில் பழுது என்று நினைத்துத் தலையில் கை வைத்தவர்களை எனக்குத் தெரியும். சூடேறிய காற்று அடுக்குகள் ஒளியை வளைப்பதால் வரும் நெளிவு அது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸுக்கும் அதில் இருந்து தப்ப வழியில்லை. பகல் பன்னிரண்டு மணிக்கு 300 மீற்றருக்கு அப்பால் எதையும் எடுக்க முயல வேண்டாம். அதேவேளை சந்திரனை எடுத்துப் பாருங்கள். தலைக்கு மேலே ஏறிய பிறகு எடுத்தால் காற்றின் நெளிவு குறைவு, சந்திரன் படத்தின் உயரத்தில் பத்தில் ஏழு பங்கை நிரப்பும். எங்கள் மொட்டைமாடியில் நின்று நான் எடுத்த பூரணைச் சந்திரனின் படத்தை அம்மா சட்டம் போட்டுச் சாமியறைக்கு வெளியே மாட்டினார். இன்றும் அங்கேதான் இருக்கிறது.

மூன்றாவது, பாரம். பி950 ஒரு கிலோ. ஒரு லென்ஸ் எவ்வளவுக்கு இழுக்கும் என்பதை மில்லிமீற்றரில் சொல்வார்கள், பி950 2000 வரை. அதன் அண்ணன் பி1000 3000 மில்லிமீற்றர் வரைக்கும் இழுக்கும், ஆனால் 1.4 கிலோ. அதைக் கழுத்தில் தொங்கவிட்டு 155ஆம் இலக்க பஸ்ஸில் நின்றுகொண்டு போகும் பெண்பிள்ளையை நினைத்துப் பாருங்கள். நான் பி1000ஐப் பேச்சிலேயே எடுக்கவில்லை. கூடுதலாகக் கிடைக்கும் தூரத்தை அந்த நெளியும் காற்றே தின்றுவிடும். கனன் எஸ்எக்ஸ்70 ஏறக்குறைய 600 கிராம், 65 மடங்கு, 1365 மில்லிமீற்றர் வரை. கை சோர்ந்துபோகிறவர்களுக்கு அது நல்ல இடைவழி. காசு ஒரு பொருட்டு இல்லை என்கிறவர்களுக்கு சொனி ஆர்எக்ஸ்10இன் நாலாம் பதிப்பு இருக்கிறது. அதன் சென்சர் மற்றவற்றைவிட நாலு மடங்கு பெரிது, 600 மில்லிமீற்றர் மட்டும்தான் இழுக்கும், ஆனால் மேகமூட்டத்திலும் கைகொடுக்கும். 2017இல் அது வந்தபோது அமெரிக்காவில் 1,700 டொலர். அவளின் சித்தப்பாவிடம் அதைக் கேட்க எனக்கு வாய் வராது.

இன்னொன்று, பறவையைத் தேடுவது. 2000 மில்லிமீற்றரில் கமராவுக்குள் தெரியும் உலகம் ஒரு பாகை அகலம்தான். மரத்தில் இருக்கும் பஞ்சுருட்டானைக் கண்ணால் காண்பீர்கள், கமராவைக் கண்ணில் வைத்ததும் வெறும் இலை தெரியும். நிக்கொனில் லென்ஸின் பக்கத்தில் ஒரு பொத்தான் உண்டு. அழுத்திப் பிடித்தால் ஜூம் தற்காலிகமாகப் பின்னால் வரும், பறவையைக் கண்டதும் விட்டால் பழைய இடத்துக்கே திரும்பும். இந்தப் பொத்தானைப் பழக ஒரு மாதம் எடுக்கும். பறக்கும் பறவையை மட்டும் அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம். போகஸ் பிடிப்பதற்குள் பறவை பத்தரமுல்லையைத் தாண்டியிருக்கும்.

இனித் தண்ணீருக்கு வருவோம்.

டிஜி-7 15 மீற்றர் ஆழம் தாங்கும், 2.1 மீற்றர் உயரத்தில் இருந்து விழுந்தாலும் தாங்கும் என்று தயாரித்தவர்கள் சொல்கிறார்கள். என் டிஜி-6 கல்கிசைப் பாறைகளில் இரண்டு தரம் விழுந்தது, மூலையில் வண்ணம் போனதோடு சரி. கொழும்புக் கடலில் மூழ்கிக் கிடக்கும் கப்பல்களைப் பார்க்கச் சிலிண்டரோடு இறங்குகிறவர்களுக்கு 15 மீற்றர் காணாது. அந்தக் கப்பல்களில் பல 30 மீற்றருக்கும் கீழே கிடக்கின்றன, அவர்கள் தனி உறை வாங்க வேண்டும். முகமூடியும் மூச்சுக்குழாயும் போட்டு மிதக்கிறவர்களுக்கு 15 மீற்றர் தேவைக்கு மிஞ்சியது. ஹிக்கடுவையில் முருகைக்கற்கள் ஆளுயர ஆழத்திலேயே கிடக்கின்றன. 1998இன் கடல் வெப்பத்தில் அங்கே பெரும்பகுதி வெளிறிச் செத்துப்போனது. மிஞ்சியவற்றையும் பிறகு முளைத்தவற்றையும்தான் இப்போது பார்க்கிறோம். கால் ஊன்றாமல் மிதந்துகொண்டு எடுக்கத் தெரிந்தவர்கள் மட்டும் கமராவோடு இறங்குவது நல்லது.

தண்ணீருக்குள் கமரா வேறு விதமாக வேலை செய்கிறது என்பதை வாங்குவதற்கு முன் அறிந்திருக்க வேண்டும். ஒளி நீரில் வளைவதால் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். 25 மில்லிமீற்றர் அகலப் பார்வை நீருக்குள் 33 போலச் சுருங்கும். சிவப்பு நிறம்தான் முதலில் தொலையும். சில மீற்றர் இறங்கினாலே செம்மீன் சாம்பல் மீனாகிவிடும். கமராவில் இருக்கும் நீரடி நிலை அதை ஓரளவு மீட்டுத் தரும். ஜூமை நீருக்குள் தொடவே வேண்டாம். உங்களுக்கும் மீனுக்கும் நடுவே இருக்கும் தண்ணீர் கண்ணாடி இல்லை, துகள் கலந்த திரை. ஒரு மீற்றருக்குள் நெருங்கினால்தான் படம். ஆமை தானாகக் கிட்ட வரும்வரை காத்திருக்கிற பொறுமை உள்ளவருக்கு நல்ல படம் கிடைக்கும், துரத்துகிறவருக்கு நீலப் புகை கிடைக்கும்.

நீர்புகா என்பது கமராவின் நிரந்தரக் குணம் இல்லை. பற்றரி மூடியைச் சுற்றியிருக்கும் ஒரு மெல்லிய றப்பர்தான் கடலுக்கும் உள்ளே இருக்கும் மின்சுற்றுக்கும் நடுவே நிற்கிறது. ஒரு தலைமுடியோ, ஒரு மணற்துகளோ அதில் கிடந்தால் போதும். கடற்கரையில் வைத்து மூடியைத் திறக்கவே கூடாது. கடலில் இருந்து ஏறியதும் நல்ல தண்ணீர் வாளிக்குள் சில நிமிடம் ஊறவிட்டுக் கழுவ வேண்டும், உப்புக் காய்ந்தால் பொத்தான்கள் இறுகும். றப்பரை வருடத்துக்கு ஒருதரம் மாற்றச் சொல்கிறார்கள் தயாரிப்பாளர்கள். ஐந்து வருடம் பழைய நீர்புகா கமரா ஒன்றை யாராவது மலிவாகத் தந்தால் அதை மழைக்குக் கொண்டுபோங்கள், கடலுக்குக் கொண்டுபோக வேண்டாம்.

எங்கள் ஊருக்கே உரிய இன்னொரு விடயம்: ஈரக்காற்றில் மூடியைத் திறந்து மூடினால் அந்த ஈரமும் உள்ளே அடைபடும். பிறகு குளிர்ந்த நீரில் இறங்கும்போது லென்ஸின் உட்பக்கம் பனி படியும். பற்றரியையும் கார்டையும் முதல் நாள் இரவே ஏசி அறைக்குள் வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். நிலாவெளியில் ஒரு நாள் முழுக்க எனக்கு இப்படிப் பனிமூட்டமாய்ப் போனது. புறாத்தீவுக்குப் படகுக் காசு கட்டி, சுறாக்குட்டிகள் காலடியில் போக, படம் ஒன்றும் இல்லை.

"போனே தண்ணி புகாதது தானே மாமா" என்றாள் அவள். போனுக்குப் போட்டிருக்கும் இலக்கம் நல்ல தண்ணீரில் சோதித்த இலக்கம், கடல் உப்பைப் பற்றியது அல்ல. தண்ணீர் போன போனை உத்தரவாதத்தின் கீழ் திருத்திக் கொடுக்கப் பெரும்பாலான கம்பனிகள் மறுக்கின்றன. நீருக்குள் தொடுதிரையும் வேலை செய்யாது. அதைவிட, வங்கிக் கணக்கும் அம்மாவின் இலக்கமும் இருக்கிற போனைக் கடலுக்குள் கொண்டுபோகிற எண்ணத்தை நான் வரவேற்கவில்லை. மழைத்தூறலுக்குப் போன் போதும், கடலுக்குப் போதாது.

இவ்வளவும் சொன்ன பிறகு கணக்கு சுலபமாகத் தெரியும். ஜூமுக்கு வருடம் ஐம்பது வாரமும் வேலை, நீர்புகா கமராவுக்கு வருடத்தில் நாலைந்து நாள் கடல். நானும் முன்பு அப்படித்தான் நினைத்தேன். கடலுக்காக வாங்கிய டிஜி-6 எனக்கு வேறொன்றைக் காட்டித் தந்தது.

அதில் நுண்காட்டி நிலை என்று ஒன்று இருக்கிறது. லென்ஸுக்கு 1 சென்ரிமீற்றர் முன்னால் இருக்கும் பொருளையும் முழு ஜூமிலேயே போகஸ் பிடிக்கும். எங்கள் வீட்டுப் பல்கனியில் ஐந்து பூச்சாடிதான். கறிவேப்பிலைச் செடியில் வண்ணத்துப்பூச்சி இட்ட முட்டையை, அது ஒரு கடுகளவுதான், திரை நிறைய எடுத்தேன். மூன்றாம் நாள் கோதுக்குள் கறுப்பாகத் தலை தெரிந்தது. நாலாம் நாள் புழு தன் கோதையே தின்றுகொண்டிருந்தது. வெற்றுக் கண்ணுக்கு அது ஒரு அழுக்குப் புள்ளி. மழை பெய்துகொண்டிருக்கும்போதே பாசியின் நுனியில் தொங்கும் துளியை, துளிக்குள் தலைகீழாகத் தெரியும் எங்கள் பல்கனிக் கம்பியை எடுக்கலாம். கமராவைத் துடைக்கக்கூடத் தேவையில்லை. நான் எடுத்த டிஜி படங்களில் பத்தில் ஒன்றுதான் நீருக்குள் எடுத்தது. மிச்சமெல்லாம் எறும்பு, சிலந்தி, தேரைக் குஞ்சு, அம்மாவின் கையில் இருக்கும் பழைய மோதிரத்தின் வேலைப்பாடு.

அவ்வளவு கிட்ட வைக்கும்போது கமராவின் நிழலே பொருளில் விழும் என்பது இடைஞ்சல். அதற்கென்று ஒளியை லென்ஸைச் சுற்றிப் பரப்பும் ஒரு வளையம் தனியாக விற்கிறார்கள், அதை வாங்காமல் இந்தக் கமராவை வாங்குவது அரைவாசி வாங்குவது போல. கூர்மையாகத் தெரியும் பகுதி கடதாசித் தடிப்புக்கு மெலிந்துவிடும் என்பதும் உண்மை. அதற்குக் கமராவே பல போகஸில் தொடர்ந்து எடுத்து ஒன்றாகச் சேர்த்துத் தரும்.

பி950ஐ முழுதாக இழுத்தால் 5 மீற்றருக்குக் கிட்ட இருக்கும் எதையும் அது பிடிக்காது. இழுக்காமல் வைத்தால் கிட்டத்தில் எடுக்கலாம், ஆனால் அப்போது அது சாதாரணக் கமரா. தும்பி மட்டும் ஒரு விதிவிலக்கு. தாமரை மொட்டில் இருக்கும் தும்பியை சில மீற்றர் தள்ளி நின்று பாதி ஜூமில் எடுத்தால், கிட்டப் போய்க் கலைப்பதைவிட நன்றாக வரும். மற்றப்படி ஒன்று எட்ட இருப்பதைக் கிட்டக் கொண்டுவருகிறது, மற்றது கிட்ட இருந்தும் நாம் காணாததைக் காட்டுகிறது. கடைக்காரர் தண்ணீரா தூரமா என்று கேட்பார். நான் கிட்டவா எட்டவா என்று கேட்கச் சொல்வேன்.

கொழும்பில் கமரா வாங்குகிற எவரும் பூஞ்சணத்தை மறந்து முடிவெடுக்கக் கூடாது. வருடம் சுமார் 2,400 மில்லிமீற்றர் மழை, அதோடு கடற்காற்று. வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் கடற்பக்க வீடுகளில் யன்னல் கம்பியே இரண்டு வருடத்தில் துருவேறுகிறது. ஜூம் கமராவின் குழாய் வெளியே நீளும்போதும் உள்ளே போகும்போதும் ஊரின் ஈரக்காற்றை மூச்சுவிடுவது போல இழுத்து விடுகிறது. என் பழைய ஜூம் கமரா தோல் பைக்குள், அலுமாரியில், ஒரு பருவமழை முழுக்க எடுபடாமல் கிடந்தது. வெளியே எடுத்தபோது உட்கண்ணாடியில் சிலந்தி வலை போலப் பூஞ்சணம். திருத்தக் கொடுத்த இடத்தில், கழற்றித் துடைக்கும் கூலிக்கு இன்னொரு பழைய கமரா வாங்கலாம் என்று திருப்பித் தந்தார்கள். ஆறு வருடத் தோழமை அது. இப்போதும் அதை எறிய மனமில்லாமல் வைத்திருக்கிறேன்.

டிஜியின் லென்ஸ் வெளியே நீள்வதே இல்லை, கண்ணாடிகள் உடலுக்குள்ளேயே மடிந்து நிற்கின்றன. இந்த ஊரின் காற்றுக்கு அது பெரிய பலம். ஜூம் கமரா வாங்குகிறவர்கள் அதே நாளில் இறுக்கமாக மூடும் பிளாஸ்ரிக் பெட்டி ஒன்றும், நிறம் மாறும் சிலிக்கா மணிகளும், சின்ன ஈரமானியும் வாங்க வேண்டும். பெட்டிக்குள் ஈரப்பதன் 40க்கும் 50க்கும் இடையில் நிற்கட்டும். அரிசிக்குள் புதைப்பது வேண்டாம், தவிடு போய் லென்ஸுக்குள் ஒட்டும். ஏசி அறையில் இருந்து நேரே வெளியே எடுத்துக்கொண்டு ஓடாமல், பையின் சிப்பைத் திறக்காமல் அரை மணித்தியாலம் வெளியே வைத்துவிட்டு எடுங்கள். இதைச் செய்ய முடியாது, அவ்வளவு கவனம் நமக்கு வராது என்று தன்னைத் தெரிந்தவர், பறவைப் பைத்தியமாக இருந்தாலும், ஜூம் கமராவை வாங்க வேண்டாம்.

விலையைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. வெளிவந்தபோது டிஜி-7 550 டொலர், பி950 800 டொலர். 2022இல் ரூபாய் விழுந்த பிறகு இரண்டும் எங்களுக்குப் பெரிய காசுதான். வெளியில் இருந்து வருவதென்றால் உத்தரவாதம் இங்கே செல்லுபடியாகுமா என்று வாங்குமுன் கேட்க வேண்டும். ஆகாவிட்டால் பழுதுபடக்கூடிய அசையும் உறுப்புகள் குறைந்த கமராவுக்கு ஒரு புள்ளி கூட்டிக்கொள்ளுங்கள். டிஜி-7இல் யூஎஸ்பி சி வாய் இருக்கிறது, போன் சார்ஜரே போதும். பி950இல் பழைய சின்ன வாய், பற்றரியும் ஒரு முறை ஏற்றினால் 290 படங்கள் அளவுதான். அதோடு இரண்டாவது பற்றரி கட்டாயம்.

அவளிடம் நான் கேட்டது ஒன்றுதான். எடுக்க ஆசைப்படுகிறவற்றின் பட்டியல் வேண்டாம், போனில் பிழைத்துப்போன படங்களைக் கொண்டு வா. ஆசைப் பட்டியலில் எல்லோருக்கும் திமிங்கிலமும் பவளமும் இருக்கும். பிழைத்த படத்தில் நாம் உண்மையில் எங்கே நிற்கிறோம் என்பது இருக்கும். அடுத்த சனி பின்னேரம் வந்தாள். பிளேன்ரீயை வைத்துக்கொண்டு இருவரும் ஒன்றொன்றாய்ப் பார்த்தோம். அழிக்காமல் வைத்திருந்த 112 படங்களில் 71 தூரத்துப் பறவைகள், தாழைக்கோழியா நீர்க்கோழியா என்று அவளுக்கே இப்போது தெரியாத கறுப்புப் புள்ளிகள். 29 சின்ன உயிர்கள், போகஸ் பிடிக்காமல் கலங்கியவை. மிச்சம் 12உம் இருட்டிலும் ஓட்டத்திலும் எடுத்தவை.

"மழை நாளில ஒண்டும் இல்லையே பிள்ளை?"

"போனை வெளியில எடுக்கப் பயம் மாமா. எடுக்கவே இல்ல."

எடுக்காத படங்களையும் எண்ண வேண்டும் என்று அப்போதுதான் எனக்குப் பட்டது. ஆடி, ஆவணி, ஐப்பசி என்று அவளின் போனில் எத்தனையோ சனிக்கிழமைகள் வெறுமையாகக் கிடந்தன. அவற்றையும் கணக்கில் எடுத்தால் நீர்புகா கமராவின் பக்கம் தராசு தாழ்ந்தது. நானும் அப்படியே சொல்லிவிடுவேன் போலிருந்தது. ஆனால் அந்த 71 படங்களுக்கும் அவள் திரும்பத் திரும்பப் போயிருக்கிறாள். ஒரே கம்பம், ஒரே மூலை, வாரம் வாரமாக, ஒன்றுமே தெரியாத படங்களை எடுத்துக்கொண்டு. பிழைக்கும் என்று தெரிந்தும் விடாமல் போன இடம் அது. கிட்ட இருக்கும் சின்ன உயிர்களுக்குக் குனிந்து பார்க்கும் கண் அவளுக்கு ஏற்கெனவே இருக்கிறது, ஒரு பூதக்கண்ணாடியும் கொப்பியும் கொண்டு அந்த வேலையைத் தொடரலாம். 50 மீற்றரைக் கடக்க அவளிடம் எந்த வழியும் இல்லை.

அன்றிரவே சித்தப்பாவுக்குச் செய்தி அனுப்பினாள். பி950, இரண்டாவது பற்றரி, 67 மில்லிமீற்றர் பாதுகாப்புக் கண்ணாடி ஒன்று. பெட்டியையும் சிலிக்கா மணிகளையும் புறக்கோட்டையில் நானே வாங்கி வைத்துவிட்டேன், கமரா வந்து இறங்கும் நாளில் அதற்கு இருக்க இடம் வேண்டும். தை மாதம் ஹிக்கடுவைக்கு என் டிஜியைக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன். போவதற்கு முன் றப்பரை மாற்றித் தருவேன். வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் தர வேண்டும் என்பது எங்கள் ஒப்பந்தம்.